முழங்கால் நோவும் இருகூர் வால்வும்

பத்து வயதுப் பிள்ளை ஒன்றுக்கு முழங்கால் நோகிறது. காரணம் சொல்லத் தெல்தெனியவில் ஆளுக்குக் குறைவிருக்காது. வளர்கிற வயது, அப்படித்தான் இருக்கும் என்பார் ஒருவர். பனியில் விளையாடியதால் என்பார் இன்னொருவர். ரங்கல பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு எத்தனை படி ஏறி இறங்குகிறாள், நோகாமல் என்ன செய்யும் என்று பாட்டி கேட்பாள். எண்ணெய் பூசுவார்கள், பனடோல் கொடுப்பார்கள், ஒரு கிழமை பார்ப்பார்கள். ஊரில் நோகிற முழங்கால்களில் பெரும்பாலானவற்றுக்கு அது போதும்.

இந்தப் பிள்ளைக்குப் போதவில்லை. முந்தாநாள் வலது முழங்கால் வீங்கியிருந்தது. நேற்று அது வற்றி, இடது கணுக்கால் வீங்கியது. இன்று மணிக்கட்டு. தாய் அவளை பஸ்ஸில் ஏற்றித் தெல்தெனிய அரசாங்க வைத்தியசாலைக்குக் கூட்டி வருகிறாள். வைத்தியர் முழங்காலைத் தொட்டுப் பார்க்கிறார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை எடுத்து நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்கிறார்.

"புள்ளைக்கு முட்டிதாங்க ஐயா நோவுது" என்கிறாள் தாய், அவர் இடம் மாறிவிட்டார் என்று நினைத்து.

"ஒரு மூணு கிழமைக்கு முந்தி தொண்டை நோ வந்துச்சா?" என்று கேட்கிறார் அவர்.

பிள்ளையை நான் கற்பனை செய்துகொண்டேன். அவளுக்கு நடப்பதில் எதையும் கற்பனை செய்யவில்லை. தொண்டை, முழங்கால், நெஞ்சு: ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தெரியும் இந்த மூன்றையும் ஒரே கயிற்றில் கோக்கும் நோயின் பெயர் வாதக் காய்ச்சல். கிளினிக்கில் ருமாட்டிக் பீவர் என்பார்கள். நம் உடலின் காவற்படை நம்மையே தாக்கும் நோய்களைப் பற்றிய இந்தப் புத்தகத்தில் இதற்கு ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. இந்தக் குடும்பத்து நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு அவற்றை முதலில் தூண்டியது எது என்று தெளிவாகச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. இதற்கு முடியும். தூண்டிய கிருமியைத் தெரியும், அதைக் கொல்லும் மருந்தைத் தெரியும், அந்த மருந்தின் விலையும் குறைவு. அப்படியிருந்தும் 2015இல் உலகில் 3 கோடியே 34 இலட்சம் பேர் இந்த நோய் விட்டுச்சென்ற பழுதான இதயத்தோடு வாழ்ந்தார்கள் என்பதும், அந்த ஒரே ஆண்டில் ஏறத்தாழ 3 இலட்சத்து 19 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள் என்பதும் அப்போது செய்யப்பட்ட மதிப்பீடு.

*

தொண்டையில் குடியேறுகிற கிருமி, ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகொக்கஸ். நுணுக்குக்காட்டியில் மணி கோத்த மாலை போலத் தெரியும் பற்றீரியா. இந்தக் குடும்பத்தை ஏ, பி, சி என்று பிரித்து ஒழுங்குபடுத்தியவர் நியூயோர்க்கில் வேலை செய்த ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட். அந்தக் கட்டுரை 1933இல் வந்தது. கிருமியின் மேற்பரப்பில் மயிர் முளைத்தது போல ஒரு புரதம் நிற்கிறது. அதற்கு எம் புரதம் என்று பெயர். இரண்டு இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட வடிவம். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் தாய் பிள்ளைக்குப் பின்னிவிடும் சடையை நினைத்துக்கொள்ளலாம்.

பிள்ளையின் இதயத் தசையில் மயோசின் என்றொரு புரதம் இருக்கிறது. அதன் வாலும் இதே மாதிரி முறுக்கிய சடைதான். கிருமி வந்தவுடன் உடல் அதற்கு எதிராகப் பிறபொருளெதிரிகளைச் செய்கிறது. பிறபொருளெதிரி ஒரு புரதத்தை முழுவதுமாகப் பார்ப்பதில்லை, அதன் மேலுள்ள ஒரு சின்னத் துண்டைத்தான் பிடித்துப் பார்க்கிறது. பின்பக்கமாக நின்று சடையை மட்டும் பார்த்துத் தன் மகளென்று நினைத்து இன்னொருத்தியின் பிள்ளையைக் கூப்பிடும் தாயின் நிலைமைதான் அதற்கும். சந்தையில் அப்படிக் கூப்பிட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். நிர்ப்பீடனம் சிரிப்பதில்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. மயோசின் இருப்பது தசையில். இந்த நோய் நிரந்தரமாகக் கெடுப்பதோ வால்வை. வால்வு மெல்லிய இழையத் தகடு, அதில் தசை என்று சொல்ல அநேகமாக ஒன்றுமில்லை. தசையைத் தேடி வந்த பிறபொருளெதிரி வால்வில் ஏன் வேலை பார்க்கிறது? இன்று பலரும் ஏற்கும் விளக்கம் இது. கிருமியின் சுவரில் ஒரு வெல்லமும் இருக்கிறது, அதற்கு எதிராகவும் பிறபொருளெதிரிகள் உருவாகின்றன. அவற்றில் சில வால்வின் மேல்தோலில் போய் ஒட்டுகின்றன. ஒட்டிய இடத்தில் தோல் பிசுபிசுப்பாகிறது, இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும், நிர்ப்பீடனத்தின் ரி கலங்கள் அதில் சிக்கி உள்ளே நுழைகின்றன. அழற்சி தொடங்குகிறது. இயல்பான வால்வுக்குள் இரத்தக் குழாய் அநேகமாகக் கிடையாது. அழற்சி வந்த வால்வில் புதிதாகக் குழாய்கள் முளைக்கின்றன. அடுத்த முறை தாக்க வருகிறவர்களுக்கு ஏ26 வீதியைப் போட்டுக் கொடுத்தது போல. முதல் தாக்குதலை விட இரண்டாவது மோசமாகவும், இரண்டாவதை விட மூன்றாவது மோசமாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இந்த வேலையெல்லாம் நடக்க இரண்டு மூன்று கிழமை எடுக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளை நன்றாக இருக்கிறாள். தொண்டை நோ போய்விட்டது, கொத்தமல்லி குடித்ததால் போனது என்று வீட்டில் நம்புகிறார்கள். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தொண்டை நோ பெரும்பாலும் தானாகவே போய்விடும் என்பதால் கொத்தமல்லியின் பெயர் கெடுவதேயில்லை. மூட்டு வீங்கும்போது மூட்டில் ஊசி போட்டுத் தேடினாலும் கிருமி கிடைக்காது. அது அங்கே வந்ததே இல்லை.

தொண்டை நோ வந்த எல்லோருக்கும் இது வருமா? வராது. கிருமி தொற்றி, மருந்து எடுக்காத நூறு பேரில் அதிகம் போனால் மூன்று பேருக்கு வரும். அந்த மூன்று பேர் யார் என்பதில் பரம்பரைக்குப் பங்குண்டு. இரட்டையர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தது 44 வீதம், வெவ்வேறு கருக்களில் பிறந்த இரட்டையரில் 12 வீதம். 44 என்பது பெரிய எண். ஆனால் ஒரே மரபணுக்களோடு பிறந்த மற்றவருக்கு வராமலே போகும் வாய்ப்பு அதைவிடப் பெரிது என்பதையும் அதே எண்தான் சொல்கிறது.

*

இனி உறுப்புகள். முதல் தாக்குதலில் இதயம் பாதிக்கப்படுவது 50 முதல் 70 வீதமானோருக்கு. மூட்டுகள் 35 முதல் 66 வீதம். மூளை 10 முதல் 30 வீதம். தோலுக்கடியில் சின்னக் கட்டிகள் 10 வீதத்துக்குள். தோலில் வளையம் வளையமாகச் சிவப்பது 6 வீதத்துக்கும் குறைவு. இந்த எண்கள் இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம் எண்ணியவர்களின் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். யாரை எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து அவை மாறுகின்றன.

வயதைப் பாருங்கள். ஐந்து முதல் பதினைந்து வயது வரைதான் இந்த நோயின் காலம். அதற்குள்ளும் சின்னப் பிள்ளைகளுக்கு இதயத்தில் அதிகம் இறங்குகிறது. வளர்ந்தவர்களுக்கு முதன்முறையாக வந்தால் மூட்டோடு நிற்பது கூட. மூட்டு நோவு தாங்க முடியாததாக இருக்கும், போர்வை பட்டாலே பிள்ளை கத்தும். ஆனால் அஸ்பிரின் கொடுத்தால் ஓரிரண்டு நாளில் மாயமாய்ப் போய்விடும், தடயமே இராது. இந்த நோயில் அதிகம் கத்தும் உறுப்புக்கு ஒன்றும் ஆவதில்லை. சத்தமில்லாமல் இருக்கும் உறுப்புதான் பழுதாகிறது. வீட்டிலே முன்கூட்டியே கொடுக்கிற நோவு மாத்திரைகள் இன்னொரு குழப்பத்தையும் செய்கின்றன: மூட்டிலிருந்து மூட்டுக்குத் தாவும் அந்த அடையாள நடையை முதல் மூட்டிலேயே நிறுத்திவிடுகின்றன. வைத்தியரிடம் வரும்போது ஒரு முழங்கால் மட்டுமே சாட்சிக்கு இருக்கும்.

மூளைக்குப் போனால் நோயின் முகம் முழுவதும் மாறுகிறது. தோமஸ் சிடென்ஹாம் என்ற ஆங்கில வைத்தியர் 1686இல் அதை விவரித்தார். இன்றும் அவர் பெயரால் சிடென்ஹாம் கொரியா என்கிறார்கள். பிள்ளையின் கையும் காலும் முகமும் அவள் சொல்லாமலே நெளிந்து துடிக்கும். கையிலிருந்த தேநீர்க் கோப்பை விழும். எழுத்து கோணும். காரணமில்லாமல் அழுவாள். வகுப்பில் ஏச்சு வாங்குவாள். வீட்டில் யாராவது ஒருவர் கோவிலுக்குக் கூட்டிப் போகச் சொல்வார், கண்ணூறு கழிக்கச் சொல்வார். அதில் எனக்குச் சிரிப்பில்லை, அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். பருவமடையும் வயதை நெருங்கிய பெண் பிள்ளைகளுக்கே இது அதிகம் வருகிறது. பிறபொருளெதிரிகள் மூளையின் அடியிலுள்ள நரம்புக் கணுக்களில் ஒட்டி, டோபமின் என்ற பொருளின் வேலையைக் குழப்புவதால் இது நிகழ்கிறது என்று விளங்கிக்கொள்கிறார்கள். மற்ற அறிகுறிகள் மூன்று கிழமையில் வந்தால் இது ஆறு மாதம் கழித்தும் வரலாம். அப்போது இரத்தத்தில் பழைய தொற்றின் அடையாளம்கூடத் தேய்ந்து போயிருக்கும். யாருக்கும் தொண்டை நோ ஞாபகமிராது. நல்ல செய்தி, சில மாதங்களில் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். கெட்ட செய்தி, இதயத்தையும் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லாவிட்டால் பிள்ளை குணமாகிவிட்டாள் என்று எல்லோரும் நினைத்துவிடுவார்கள்.

தோலில் வரும் வளையங்களைப் பற்றி ஒரு வரி. எல்லாப் பாடநூலிலும் அதன் படம் இருக்கிறது. படத்திலுள்ள தோல் வெள்ளைத் தோல். வெளிறிய இளஞ்சிவப்பு ஓரம், நடுவில் தெளிந்த தோல். நம் நிறத்தில் அதைக் கண்டுபிடிக்க மிகக் கூர்மையான கண் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அது வருவதேயில்லையா, வந்தும் தெரிவதில்லையா என்பதை ஒவ்வொரு வைத்தியரும் தனக்குள் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

*

நோயின் இலக்கணம் எழுதப்பட்டது பொஸ்டனில். டி. டக்கெட் ஜோன்ஸ் என்ற வைத்தியர் 1944இல் எந்தெந்த அறிகுறிகள் சேர்ந்தால் வாதக் காய்ச்சல் என்று சொல்லலாம் என ஒரு பட்டியல் போட்டார். பெரிய அறிகுறி இரண்டு, அல்லது பெரிது ஒன்றும் சிறியது இரண்டும், கூடவே தொற்று நடந்ததற்கு ஆதாரம்: இந்தக் கணக்கு திருத்தங்களோடு இன்றும் உலகமெங்கும் பயன்படுகிறது. குளிர் நாட்டில் எழுதிய பட்டியல் குளிர் நாட்டுக்குப் பொருந்தியது.

அதற்கு முன்பே இந்தியாவிலும் இலங்கையிலும் வேலை பார்த்த குடியேற்றக்கால வைத்தியர்களிடையே ஒரு நம்பிக்கை பரவியிருந்தது: வெப்ப நாடுகளில் வாதக் காய்ச்சல் அரிது, அது குளிரும் ஈரமும் சேர்ந்த இங்கிலாந்தின் நோய். அவர்கள் தேடியது இங்கிலாந்தில் பார்த்த காட்சியை: படுக்கையில் கிடந்து வீங்கிய மூட்டுகளோடு முனகும் நோயாளி. அது கண்ணில் படவில்லை என்றதும் நோயே இல்லை என்று எழுதிவைத்தார்கள். சென்னை மாகாணத்தில் பி. குடும்பையா போன்றவர்கள் நோயாளியின் இதயத்திலிருந்து தொடங்கினார்கள். தென்னிந்தியாவின் வாத இதய நோய் பற்றி அவர் கட்டுரை எழுதினார். இல்லை என்று சொல்லப்பட்ட நோய் இதயத்தில் தழும்பாக இருந்தது.

அடுத்த அதிர்ச்சி 1963இல் வந்தது. எஸ். பி. ரோய், ராமலிங்கசுவாமி முதலியோர் 'லான்செட்' இதழில் இந்தியச் சிறார்களின் வால்வுச் சுருக்கம் பற்றி எழுதினார்கள். மேற்கத்தைய நூல்களின்படி, சிறுவயதில் காய்ச்சல் வந்தவருக்கு, இதயத்தின் இடப்பக்கத்து இரண்டு அறைகளுக்கும் இடையிலுள்ள இருகூர் வால்வு சுருங்கி மூச்சுவாங்கத் தொடங்குவது இருபது முப்பது வருடம் கழித்து. நடுவயதுக்காரரின் நோய் அது. இந்தியாவில் இருபது வயதுக்கு உட்பட்டவர்களிடம், சிலபோது பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடமே, வால்வு ஒட்டிப் பொத்தான்துளை போலாகியிருந்தது. அதே கிருமி, அதே வால்வு, காலம் மட்டும் வெகுவாகச் சுருங்கியிருந்தது. ஏன் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. மீண்டும் மீண்டும் தொற்று வருவதும், முதல் காய்ச்சலைத் தொடர்ந்து மருந்து இல்லாமல் போவதும் பெரிய காரணங்கள் என்பதில் ஐயமில்லை.

இதற்கெல்லாம் விடையாகத்தான் 2015இல் அமெரிக்க இதயச் சங்கம் ஜோன்ஸின் பட்டியலை இரண்டாகப் பிரித்தது. ஆபத்துக் குறைந்த சமூகங்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. பள்ளிப் பருவப் பிள்ளைகள் ஒரு இலட்சம் பேரில் ஆண்டுக்கு இரண்டு பேருக்கு மேல் நோய் வராத இடம் ஆபத்துக் குறைந்தது. அங்கே பல மூட்டுகள் வீங்கினால்தான் பெரிய அறிகுறி. ஆபத்துக் கூடிய இடத்தில் ஒரு மூட்டு வீங்கினாலும் போதும். வீக்கமே இல்லாமல் பல மூட்டுகள் நொந்தாலும் போதும். சிறிய அறிகுறிகளில், காய்ச்சல் அங்கே 38.5 பாகை வேண்டும், இங்கே 38. இரத்தம் படியும் வேகம் அங்கே மணிக்கு 60 மில்லிமீற்றர், இங்கே 30. ஸ்டெதஸ்கோப்புக்குக் கேட்காமல், ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோவில் மட்டும் தெரியும் வால்வுக் கசிவையும் பெரிய அறிகுறியாக அப்போதுதான் சேர்த்தார்கள், எல்லோருக்குமாக.

இது நியாயமா என்று ஒருவர் கேட்கலாம். உடல் உடல்தானே, ஒரே முழங்காலுக்கு ஊருக்கொரு பெயரா? உன்னஸ்கிரியாவில் பின்னேரம் மேகம் கறுத்தால் குடையை எடுக்காமல் யாரும் வெளியே இறங்குவதில்லை. ஜூன் மாதத்து மன்னாரில் அதே அளவு மேகத்தைப் பார்த்துக் குடை எடுக்கிறவரைப் பார்த்தால் சிரிப்பு வரும். மேகம் ஒன்றுதான், மழை பெய்யும் வாய்ப்பு ஒன்றல்ல. பட்டியலைத் தளர்த்தினால் நோயில்லாத சில பிள்ளைகளுக்கும் வருடக்கணக்கில் ஊசி போகும், அது உண்மைதான். பொஸ்டனில் அந்தத் தவறு பெரிது. நோய் நிறைந்த இடத்தில் ஒரு பிள்ளையைத் தவறவிடுவது அதைவிடப் பெரிது. பட்டியலை இப்படிப் பிரிக்க 71 வருடம் எடுத்திருக்க வேண்டியதில்லை என்பது மட்டும் என் குறை.

அப்படியானால் ஆபத்துக் கூடிய சமூகம் என்றால் என்ன? வெப்பமா, இனமா? டென்மார்க்கில் இந்த நோய் பெனிசிலின் வருவதற்கு வெகுகாலம் முன்பே குறையத் தொடங்கிவிட்டது. வீடுகள் விசாலமானபோது, படுக்கைகள் விலகியபோது. இரண்டாம் உலகப் போரின் பின் அமெரிக்கப் படைமுகாம்களில் பார்த்தார்கள்: கிருமி காவும் சிப்பாயின் கட்டிலுக்கு எவ்வளவு கிட்ட படுக்கிறார்களோ அவ்வளவு அதிகமாக மற்றவர்களுக்குத் தொற்றியது. உலகின் மிகப் பணக்கார நாடுகளில் இரண்டான அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் மாவோரி, பசிபிக் தீவுப் பிள்ளைகளுக்கும் இது இன்றும் மிக அதிகம். வட அவுஸ்திரேலியாவில் தொண்டையை விடத் தோற்புண்தான் கிருமியின் வாசலோ என்று சந்தேகிக்கிறார்கள், சொறி சிரங்கு அங்கே அவ்வளவு. 1985இல் அமெரிக்காவின் சோல்ட் லேக் நகரில் வசதியான குடும்பங்களிடையே இந்நோய் திடீரென்று வெடித்தது. விதியை மீறிய கதைகளும் உண்டு. ஆனால் விதி கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் எழுதியிருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஆறு பேர் படுத்தால் அந்தத் தூரம் எவ்வளவு என்று கணக்குப் போடக் கணிதம் தெரிய வேண்டியதில்லை.

*

அமெரிக்காவின் வையோமிங்கில் வாரன் விமானப்படைத் தளத்தில் 1940களின் இறுதியில் செய்த ஆய்வு, 1950இல் வெளியானது. தொண்டை நோ வந்த சிப்பாய்களுக்குப் பெனிசிலின் கொடுத்தால் வாதக் காய்ச்சல் அநேகமாக வருவதில்லை என்று அது காட்டியது. தொண்டை நோ தொடங்கி ஒன்பது நாளுக்குள் தொடங்கினால்கூடப் பயனுண்டு. ஒன்பது நாள்! உயிர் காக்கும் மருந்துகளில் இவ்வளவு தாராளமாக நேரம் கொடுப்பவை அரிது. இன்னொரு வியப்பும் இருக்கிறது. எத்தனையோ கிருமிகள் எத்தனையோ மருந்துகளுக்குப் பழகிவிட்டன. ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகொக்கஸோ எண்பது வருடமாகப் பெனிசிலினுக்குப் பணிந்தே கிடக்கிறது.

ஒருமுறை காய்ச்சல் வந்தவருக்கு மறுபடி தொற்றே வராமல் தடுக்க வேண்டும். அதற்குத்தான் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி. மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒருக்கால், பிட்டத்துத் தசையில், தடித்த பால் போன்ற மருந்து. நோகும். இரண்டு நாள் நொண்டுவார்கள். அமெரிக்க இதயச் சங்கத்தின் நெறிப்படி, இதயம் தப்பியிருந்தால் ஐந்து வருடம் அல்லது 21 வயது வரை, எது பிந்தியதோ அதுவரை. இதயத்தில் அழற்சி வந்து தழும்பில்லாமல் ஆறியிருந்தால் பத்து வருடம் அல்லது 21 வயது. வால்வு கெட்டிருந்தால் நாற்பது வயது வரை, சிலருக்கு ஆயுள் முழுவதும். இவ்வளவு கடுமை ஏன் என்றால், நோய் திரும்பி வரும்போது பெரும்பாலும் முதலில் பிடித்த உறுப்பையே பிடிக்கிறது.

உகண்டாவில் எக்கோ மூலம் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து, அறிகுறியே இல்லாமல் வால்வு மட்டும் லேசாகக் கெட்டிருந்த 818 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். இரண்டு வருடத்தில் ஊசி போட்டவர்களில் 0.8 வீதத்தினருக்கு நோய் முற்றியது, போடாதவர்களில் 8.2 வீதத்தினருக்கு. 2021இல் வெளியான இந்த முடிவுக்கு முன்னால், அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்டவர்கள் உண்டு.

*

ஊசி போடாமல் வளர்ந்தவள் ஒருத்தியை இப்போது நினைப்போம். சின்ன வயதில் மூட்டு நொந்தது, ஆறியது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. இருபத்துமூன்று வயதில் கலியாணம், முதல் கர்ப்பம்.

தெல்தெனியவின் பழைய ஊர் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. 1984இல் மகாவலியை மறித்தபோது கடைத்தெருவும் கோவிலும் விகாரையும் தண்ணீருக்குள் போயின. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் சுவர்கள் வெளியே தலைகாட்டும், ஊரே பார்க்கப் போகும். இருகூர் வால்வின் பழுது இதற்கு நேர்மாறு. அது வெள்ளம் ஏறும்போதுதான் தெரியவரும். கர்ப்பத்தில் உடலின் இரத்தம் ஏறத்தாழ அரைவாசி கூடுகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. நல்ல வால்வின் வாய் 4 முதல் 6 சதுர சென்ரிமீற்றர். அது 1.5க்குச் சுருங்கியிருந்தால், கூடிய இரத்தம் இடது சோணை அறையிலிருந்து இதயவறைக்குள் இறங்க வழியில்லாமல் நுரையீரலுக்குள் திரும்பித் தேங்குகிறது. இதயம் வேகமாக அடிக்கும்போது வால்வு திறந்திருக்கும் நேரமும் குறைகிறது. இரவில் படுக்க முடியாது, எழும்பி உட்கார்ந்தால்தான் மூச்சு வரும். கர்ப்பிணிக்கு மூச்சுவாங்குவது வழமைதானே என்று வீட்டில் சொல்வார்கள். முழங்கால் நோவுக்குச் சொன்ன அதே குரலில்.

இங்கேதான் நம் நாட்டின் பழைய ஏற்பாடொன்று கைகொடுக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து கர்ப்பிணியைப் பதிகிறார், கிளினிக்கில் வைத்தியர் அவளது நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கிறார். கர்ப்பமான ஒவ்வொருத்தியின் இதயத்தையும் ஒருமுறையாவது ஒருவர் கேட்டாக வேண்டும் என்பது எக்கோ இயந்திரத்தை விட மலிவான கண்டுபிடிப்பு. கேட்டது சந்தேகமாக இருந்தால் கண்டிக்கு அனுப்புவார்கள். தேவைப்பட்டால் தொடையிலுள்ள நாளத்தின் வழியே பலூனைச் செலுத்தி ஒட்டிய வால்வை விரிக்கலாம். ஜப்பானின் கன்ஜி இனோவே 1984இல் அறிமுகப்படுத்திய முறை, கர்ப்பத்திலும் செய்கிறார்கள். பலூனுக்கு வசப்படாத வால்வை மாற்ற வேண்டும். திருவனந்தபுரத்தில் எம். எஸ். வலியத்தான் குழுவினர் உருவாக்கிய சித்திரா வால்வு 1990 டிசம்பர் 6இல் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வின் விலை எட்டாதவர்களுக்காகவே அது செய்யப்பட்டது. உலோக வால்வு வைத்தவர் ஆயுள் முழுவதும் வார்ஃபரின் குடிக்க வேண்டும், இரத்தம் உறைகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். அந்த மருந்து வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு ஆகாது. இருபத்துமூன்று வயதுப் பெண்ணிடம் இதைச் சொல்லும் வைத்தியரின் முகத்தை நான் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

*

நம் பத்து வயதுக்காரியின் நெஞ்சில் வைத்தியருக்கு ஒரு மெல்லிய ஊதல் கேட்டது. பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பினார். எக்கோவில் லேசான கசிவு. மூட்டு வீக்கம் மூன்றாம் நாளே போய்விட்டது, அவள் விறாந்தையில் ஓடுகிறாள். தாய்க்கு விளங்காதது இதுதான்: நொந்த இடம் ஆறிவிட்டது, நோகாத இடத்துக்கு ஏன் ஊசி?

கிளினிக் கொப்பியில் திகதி போடுகிறார்கள். மூன்று கிழமைக்கு ஒன்று என்றால் வருடத்துக்குப் பதினேழு. 21 வயது வரைக்குமே 190 ஊசிக்குக் கிட்ட வரும். ஒவ்வொன்றுக்கும் ரங்கலவிலிருந்து பஸ், வரிசை, ஊசி, திரும்ப பஸ். கொழுந்து எடுக்கிறவளுக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், கிடையாது. வெள்ளென முடிந்து ஓடிப்போய் மலையில் ஏறினால் அரைப் பேர் போடுவார்களா என்று கங்காணியிடம் கேட்டுப் பார்க்கலாம். அடுத்த திகதி பிள்ளையின் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு முதல்நாள் விழுகிறது. ஊசி போட்டால் இரண்டு நாள் நொண்டுவாள் என்று தாதி சொல்லியிருக்கிறார். தாய் திகதியைப் பார்க்கிறாள், மகளைப் பார்க்கிறாள், ஒரு கிழமை தள்ளிப் போடலாமா மிஸ் என்று கேட்க வாயெடுக்கிறாள்.